கால் ஊன்றாத ஆறு வாரம்: பாத ஆபரேஷனுக்குத் தயாராகும் நம்மூர்க்காரர்களுக்கு

ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் ஊரில் எல்லாரும் கேட்டது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருக்கணும் என்றுதான். "உங்க வீட்டுல கக்கூஸ் எங்க இருக்கு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மதுரையில் பாதத்தைச் சீர்செய்துகொண்டு, ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கமுள்ள எங்கள் வீட்டில் வந்து இறங்கிய அன்று ராத்திரி அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. கழிவறை கொல்லையில். பின்வாசலில் இரண்டு படி, அப்புறம் பொடிமணலில் பதினெட்டு எட்டு. வாக்கரை ஊன்றினால் நாலு காலும் நாலு ஆழத்துக்குப் புதைகிறது. இடது காலை ஆறு வாரத்துக்குத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் மீன் கம்பெனியில் தராசடியில் நின்று கணக்கு எழுதுகிறவன். பத்தொன்பது வருஷம் ஈரச் சிமெண்டுத் தரையில் நின்ற கால். உள்ளங்கால் வளைவு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் செருப்பின் உள்விளிம்பு மட்டும் தேய ஆரம்பித்தது. வைத்தியம் தெரிந்தவனாக இதை எழுதவில்லை, கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டவனாக எழுதுகிறேன். உங்கள் டாக்டர் சொல்வதும் நான் சொல்வதும் மோதினால் டாக்டர் சொல்வதையே கேளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் வெட்டுகிற இடம் வேறு, ஆறுகிற காலமும் வேறு.

என்ன ஆபரேஷன் இது

உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் ஒரு தசைநார் ஓடுகிறது. நம் பேச்சில் அதையும் நரம்பு என்றே சொல்கிறோம். பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடித்திருப்பது பெரும்பாலும் அதுதான். அது நைந்துபோனால் வளைவு இறங்கும், குதிகால் வெளிப்பக்கம் சாயும். சீர்செய்யும்போது விரல்களை மடக்கும் நாரில் ஒன்றை எடுத்து அதன் வேலையைச் செய்ய வைப்பார்கள். குதிகால் எலும்பை அறுத்து உள்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி ஸ்க்ரூ போடுவார்கள். குதிநரம்பு இறுகியிருந்தால் அதை நீளப்படுத்துவார்கள். மூட்டு ஏற்கெனவே தேய்ந்து கெட்டியாகிவிட்டவர்களுக்கு எலும்புகளை ஒன்றோடொன்று சேர்த்து வளரவிடுவார்கள். பழைய எலும்பு முறிவு கோணலாகச் சேர்ந்தவர்கள், பிறவியிலேயே கால் வளைந்தவர்கள், இளம்பிள்ளை வாதத்தில் பாதம் திரும்பியவர்கள் எல்லாருக்கும் வகை மாறுமே தவிர, ஆறும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்களுக்கு இது இருக்கிறதா என்று பார்க்கக் கடற்கரைக்குப் போனால் போதும். ஈர மணலில் நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நடுப்பாதத்தின் உள்பக்கம் பள்ளம் இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தால் அது தட்டைப்பாதம். பிறவியிலேயே அப்படி இருந்து வலி இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரு கால் மட்டும் நடுவயதில் அப்படி ஆகியிருந்தால், அந்த ஒற்றைக் காலில் குதியைத் தூக்கி நுனிக்காலில் நிற்க முடியவில்லையென்றால், எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது நின்றபடி எடுக்கிறார்களா என்று கவனியுங்கள். படுத்த நிலையில் எடுத்த படத்தில் சரிந்த வளைவு சரியாகத் தெரியாது. எனக்கு முதலில் எடுத்த படத்தைத் தூரப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவது டாக்டர் பேசவே ஆரம்பித்தார்.

எடுத்த எடுப்பில் கத்தி வேண்டாம். செருப்புக்குள் வைக்கும் வளைவுத் தாங்கி, பிசியோ, எடை குறைப்பு இவற்றைச் சில மாதம் பார்த்துவிட்டு, அதற்கும் அடங்காத வலிக்குத்தான் ஆபரேஷன்.

எந்த மாதம் செய்வது

இதை யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். "தடைக்காலத்துல படுத்து எந்திரிச்சிருவோம்" என்று நானும் கணக்குப் போட்டேன், தப்பாகிவிட்டது. ஆறு வாரம் ஊன்றாமல், அடுத்த ஆறு வாரம் பெரிய பூட்ஸோடு என்று வைத்தாலே 84 நாள். அதற்கப்புறமும் படகில் ஏறும் காலாக அது மாற மாதங்கள் இருக்கின்றன. போதாததற்கு, கத்திரி வெயிலில் மாவுக்கட்டுக்குள் வியர்த்து அரிக்கிற அரிப்பை எதிரிக்கும் சொல்லமாட்டேன்.

கடல் வேலை பார்க்கிறவர்கள் பிப்ரவரியில் செய்துகொண்டால் வெயில் ஏறுமுன் மாவுக்கட்டுக் காலம் முடிந்துவிடும். பூட்ஸ் காலத்தின் கடைசியும் அதற்குப் பின்னான நடைப்பழக்கமும் தடைக்காலத்தில் வந்துவிழும். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்க்கப் பாருங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தில் ஊன்றுகோலோடு நிற்பது வேண்டாத வேலை. தொடர்ந்து நிற்காத மேசை வேலைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை.

காகிதமும் உடம்பும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துகொள்ளலாம். கார்டு கையில் இருக்கிறது என்று நேராகப் படுக்கையில் போய்ப் படுத்துவிடாதீர்கள். உங்களுக்குச் செய்யப்போகும் குறிப்பிட்ட ஆபரேஷன் பட்டியலில் இருக்கிறதா, அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, அப்ரூவல் வந்துவிட்டதா என்ற மூன்றையும் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் கேட்டு வாங்குங்கள். ராமநாதபுரத்திலேயே 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, முதலில் அங்கே காட்டிக் கேட்கலாம். பெரிய அளவில் செய்ய வேண்டியிருந்தால் மதுரைக்கு எழுதித் தருவார்கள்.

அப்புறம் உடம்பு. பீடி, சிகரெட், வாயில் அதக்கும் புகையிலை எதுவானாலும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். எலும்பு சேரும் வரை தொடவும் கூடாது. நிகோடின் பாதத்துக்குப் போகும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். அறுத்த எலும்பு சேராமல் நிற்பதற்கும் தையல் விட்டுப்போவதற்கும் அதுவும் ஒரு பெரிய காரணம். சுகர் உள்ளவர்கள் அன்றைய சுகரை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. மூன்று மாதச் சராசரி பார்ப்பார்கள், பல டாக்டர்கள் அது 8-க்குக் கீழே வந்தால்தான் தேதி கொடுப்பார்கள். பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முன்கூட்டியே ஏற்றிக்கொள்வது நல்லது. வெயிலிலேயே கிடக்கிற ஊர், நமக்கு எங்கே குறையப்போகிறது என்று நினைத்தேன். எனக்குக் குறைவாகத்தான் இருந்தது. நாள் முழுக்க கூரைக்குக் கீழே நிற்கிறவன்தானே!

சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மயக்க டாக்டரிடம் கொண்டுபோய்க் கொட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, சில வகை சுகர் மாத்திரைகள் இவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை எப்போது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிட்டால் அதையும் மறைக்காதீர்கள்.

வீட்டைச் சரிபண்ணுவது

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கதவுகளை அளந்து பாருங்கள். எங்கள் குளியலறைக் கதவு இரண்டடி. வாக்கர் அதற்குள் நுழையவில்லை. கடைசியில் கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலையே பழகிக்கொண்டேன். வாங்குமுன் அளந்திருந்தால் ஒரு செலவு மிச்சம்.

கொல்லைக் கழிவறைக்கு இரண்டு வழி. ஒன்று, மணல் பாதையில் கடப்பாக் கல் பரப்புவது. என் மச்சான் மறுநாளே பத்துப் பலகைக் கல் கொண்டுவந்து, அடியில் மணலை நனைத்துத் தட்டிக் கெட்டியாக்கிப் போட்டுக் கொடுத்தான். ஆடாமல் உட்கார்ந்தது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊன்றுகோலின் அடியில் இருக்கும் ரப்பர் குமிழின் கோடுகளுக்குள் மணல் ஏறிக்கொள்ளும். மணலோடு வந்து வீட்டுக்குள் டைல்ஸில் ஊன்றினால் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். பின்வாசலில் ஒரு ஈரச் சாக்கு போட்டு, ஒவ்வொரு முறையும் குமிழைத் தேய்த்துவிட்டு உள்ளே வரப் பழகினேன். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஒன்றுதான் என்னை விழாமல் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வழி, முதல் இரண்டு வாரத்துக்காவது அறைக்குள்ளேயே கமோடு நாற்காலி. நடுவில் ஓட்டை, அடியில் வாளி. எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, கரண்டு இல்லாத நேரத்தில், கூச்சம் தானாகப் போய்விட்டது. குத்தவைத்து உட்காரும் கழிவறையை ஒற்றைக் காலில் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்புகளைச் சேர்த்துவிடும் ஆபரேஷன் என்றால் பின்னாளிலும் குத்தவைப்பது கஷ்டம்தான். ஆகவே வெஸ்டர்ன் டாய்லெட் கட்டும் எண்ணம் இருந்தால் முன்பே கட்டிவிடுங்கள்.

பாயில் படுக்கிற பழக்கத்தை விட வேண்டும். தரையிலிருந்து ஒற்றைக் காலில் எழும்ப முடியாது. கயிற்றுக் கட்டில் நடுவில் தொங்கும், மேலே பலகை போட்டுக்கொள்ளலாம். குளிக்கக் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, காலை நீட்டி வைக்க அதே உயரத்தில் ஒரு ஸ்டூல். கட்டு நனையக்கூடாது. ஓட்டையில்லாத பெரிய பாலித்தீன் பையை முழங்காலுக்குக் கீழே இழுத்து ரப்பர் பட்டையால் கட்டி, காலைத் தண்ணீர் படாத பக்கம் நீட்டிவிட்டுக் குளிக்கலாம். பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், குளித்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியாக யோசியுங்கள். நம் ஊர்களில் குடத்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீர் பிடிப்பது யார்? பெரும்பாலும் பெண்கள். ஆபரேஷன் அந்தப் பெண்ணுக்கே என்றால், மூன்று மாதம் அந்த வண்டியை யார் தள்ளுவது என்று முடிவான பிறகு தேதி குறியுங்கள். கடற்பாசி எடுக்கப் போகிற ஒரு அக்கா எங்கள் தெருவில் இருக்கிறார். டாக்டர் வரச் சொல்லியும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டதற்கு அவர் சொன்ன காரணம் பயமில்லை, "தண்ணி யார் தம்பி எடுக்கிறது?" என்பதுதான். பதினொன்றாவது படிக்கிற மகனுக்கு ஒரு பரீட்சை லீவில் பழக்கிவிட்டு, அப்புறம் போய்ச் செய்துகொண்டார்.

ஒற்றைக் கால் ஒத்திகை

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பே ஊன்றுகோலை வாங்கி, கால் நன்றாக இருக்கும்போதே பழகுங்கள். கக்கத்துக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். உடம்பின் பாரம் உள்ளங்கையில்தான் விழ வேண்டும். கக்கத்தில் தொங்கினால் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் நோவுக் காலும் முதலில். எனக்குச் சொல்லித்தந்த பிசியோ தம்பி, "மேல போறப்ப நல்லது, கீழ வர்றப்ப நொந்தது, இத மட்டும் மறக்காதீங்கண்ணே" என்றார். மறக்கவில்லை.

ஒத்திகையில் ஒரு நாள் முழுக்க, ஆபரேஷன் செய்யப்போகும் காலைத் தரையில் வைக்காமல் இருந்து பாருங்கள். டீயை அடுப்படியிலிருந்து எப்படிக் கொண்டுவருவீர்கள்? இரண்டு கையும் கட்டையைப் பிடித்திருக்குமே! மூடி போட்ட பாட்டில், கழுத்தில் மாட்டும் துணிப்பை, சட்டைப் பையில் போன் என்று அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

ஆஸ்பத்திரியும் முதல் ராத்திரியும்

ஆறு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்பு. கால் நகங்களை வெட்டி, முள் குத்திய இடம், வெடிப்பு, புண் எதுவும் இல்லாமல் போங்கள். பாதத்தில் ஒரு சீழ்க்கொப்புளம் இருந்தாலே தேதி தள்ளிப்போகும். சீமைக்கருவேல முள் சீசன் பார்த்துக் குத்துவதில்லை, கடைசி இரண்டு வாரம் செருப்பில்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். எந்தக் கால் என்று பேனாவால் குறியிடுவார்கள், சரியான காலா என்று நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகில் ஊசி போடுவார்கள், அதோடு முழங்காலுக்குப் பின்னால் பாதத்தை மரக்கவைக்கும் ஊசி ஒன்றும் போடலாம். இந்த இரண்டாவது ஊசியில்தான் நான் ஏமாந்தேன். சாயங்காலம் வலியே இல்லை. இட்லி சாப்பிட்டேன், மருமகனோடு கிரிக்கெட் பேசினேன், நர்ஸ் கொடுத்த மாத்திரையை "வலிக்கல சிஸ்டர்" என்று தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மரப்பு விட்டது. குதிகாலை யாரோ இடுக்கியில் வைத்துத் திருகுவதுபோல இருந்தது. அப்போது மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஒரு மணி நேரம். ஊசியின் மரப்பு பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரை இருக்கலாம். அது விடுமுன்னே, வலி இல்லாதபோதே, சொன்ன நேரத்துக்கு மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

வீடு திரும்பும் வழி

மதுரையிலிருந்து ராமநாதபுரம் வரை ஏறக்குறைய 115 கிலோமீட்டர், ராமேஸ்வரம் என்றால் 170. காரில் முன்சீட்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டாம். பின்சீட்டில் குறுக்காக உட்கார்ந்து, இரண்டு தலையணை மேல் காலை நீட்டி, மணிக்கொரு தரம் நிறுத்தி விரல்களை அசையுங்கள், நல்ல காலை மடக்கி நீட்டுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவு வரை போகிறது. அதில் வர நினைத்தால் கீழ்ப் படுக்கை வேண்டும், ஸ்டேஷனில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைக்க வேண்டும். என்னைக் கேட்டால் முதல் தடவைக்குக் கார், தையல் பிரிக்கப் போகும்போது ரயில்.

முதல் இரண்டு வாரம்: கால் மேலே

வேலை ஒன்றே ஒன்றுதான். பாதம் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டூலில் காலை வைப்பது இதில் சேராது. படுத்து, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை அடுக்கி, குதிகால் எதிலும் அழுந்தாமல் காற்றில் நிற்கும்படி வைக்கணும். சாப்பிட, கழிவறைக்குப் போக இறங்கினால் சில நிமிஷத்திலேயே விரல்கள் கருஞ்சிவப்பாகிக் கனக்கும். அது இயல்பு, மேலே வைத்தால் இறங்கிவிடும்.

தினமும் இரண்டு தரம் கட்டுக்கு வெளியே தெரியும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். வெளுத்து, விட்டதும் உடனே சிவக்க வேண்டும். காலை உயர்த்தியும் குறையாத, மாத்திரைக்கும் அடங்காத வலி, விரல் வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, அசைக்க முடியாமல் மரத்துப்போவது எல்லாம் கட்டு இறுகியதன் அறிகுறி. விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கட்டிலிருந்து கெட்ட வாடை, கசிவு இருந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் 108-க்கு அடித்துவிட்டு அப்புறம் சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். இதைத் தடுக்க மாத்திரையோ வயிற்றில் போடும் ஊசியோ தந்திருந்தால் ஒரு வேளையும் விடாதீர்கள்.

அரிக்கிறது என்று கட்டுக்குள் ஈர்க்குச்சியை விடாதீர்கள். உள்ளே ஒடிந்தால் எடுக்க முடியாது, கீறினால் புண்ணாகும்.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை வந்தது. அப்பத்தா ஒருத்தி தினமும் வந்து, "அறுத்த புண்ணுக்கு மீனு ஆகாதுப்பா, சீக்கோத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார். எலும்பும் தோலும் சேர உடம்புக்குப் புரதம் வேண்டும், நம் கரையில் அது மலிவாகக் கிடைப்பதே மீனில்தான். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு அவித்துக் கொடுக்கிற ஊரில், கால் அறுத்தவனுக்கு மட்டும் மீன் ஆகாதா என்று நான் கேட்டதற்கு அப்பத்தாவிடம் பதில் இல்லை. முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்திலி, சாளை, முட்டை, முருங்கைக்கீரை, கேழ்வரகு எல்லாம் நல்லது. கருவாட்டை மட்டும் பிரஷர் இருப்பவர்கள் உப்புக்காகக் குறைத்துக்கொள்ளட்டும். வலி மாத்திரை சிலருக்கு மலத்தை இறுக்கும், தண்ணீரும் கீரையும் அதற்கும் சேர்த்துத்தான்.

பூனை செய்த வேலை

இரண்டாம் வாரம் தையல் பிரித்து முழு மாவுக்கட்டுப் போட்டார்கள். வலி குறைந்துவிட்டது. இங்கேதான் ஆபத்து. வலி இல்லாத காலை மூளை நல்ல கால் என்று எண்ணிக்கொள்கிறது.

நான்காம் வாரம் ஒரு காலை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். மனைவி அயிலையைக் கழுவிச் சட்டியில் வைத்துவிட்டு உப்பு எடுக்க உள்ளே போனாள். பூனை மதிலிலிருந்து குதித்து ஒரு மீனைக் கவ்வியது. "ஏய்!" என்று எழுந்தவன் இரண்டு காலிலும் நின்றுவிட்டேன். ஒரு விநாடிதான். 'களக்' என்று ஒரு சத்தம் கேட்டதா, கேட்டதுபோலத் தோன்றியதா, இன்றுவரை தெரியாது. அன்றே வண்டி பிடித்து எக்ஸ்ரே எடுத்தோம். ஸ்க்ரூ நகரவில்லை. டாக்டர் திட்டவில்லை, படத்தைக் காட்டி, "இந்தக் கோடு இன்னும் சேரவே இல்லை பாருங்க" என்றார். எலும்பு அறுத்த இடம் கறுப்புக் கோடாக அப்படியே தெரிந்தது. அதற்கப்புறம் உட்காரும்போதெல்லாம் இரண்டு முழங்காலையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். எழப்போனால் துண்டு நினைவூட்டும். கோமாளித்தனமாக இருக்கும், செய்யுங்கள். எழும்போது அவிழ்த்துவிட்டு எழ மறக்காதீர்கள்.

இந்த நாட்களில் தொடையை வீணாக்கக்கூடாது. படுத்தபடி முழங்காலை மடக்காமல் கட்டோடு காலைத் தூக்கிப் பத்து எண்ணி இறக்குவது போன்ற பயிற்சிகளை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

தொழுகைக்கு நாற்காலி போதும் என்று கீழக்கரை நண்பர் ஒருவர் சொன்னார், அவருக்கு அவர்கள் பள்ளிவாசலில் அதற்கென்றே ஒரு வரிசை இருக்கிறதாம். மாதா கோயிலில் முழங்கால் போடுவதையும், ராமேஸ்வரம் கோயிலின் ஈரப் பிராகாரத்தில் நடந்து தீர்த்தம் ஆடுவதையும் சில மாதம் ஒத்திப்போடுங்கள். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரம் இடித்தால் டாக்டரிடமும் ஆலிம்சாவிடமும் முன்பே பேசிவிடுங்கள்.

பூட்ஸும் மீன் தராசும்

ஆறாம் வாரம் எக்ஸ்ரே. எலும்பு சேர்ந்து வருகிறது என்றால் மாவுக்கட்டை வெட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் பெரிய பூட்ஸ் மாட்டுவார்கள். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்த காலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். சூம்பி, தோல் செதில் செதிலாக உரிந்து, வேறு யாருடைய காலோபோல இருக்கும்.

"இன்னிக்கு பதினஞ்சு கிலோ மட்டும் அந்தக் கால்ல போடுங்க, வாரா வாரம் கூட்டலாம்" என்றார் பிசியோ தம்பி. பதினைந்து கிலோ என்பது எவ்வளவு என்று காலுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் நோவுக் காலை அதன்மேலும், நல்ல காலை அதே உயரப் பலகையிலும் வைத்து, முள் பதினைந்தைத் தொடும்வரை மெதுவாக அழுத்திப் பழகலாம். நான் கம்பெனிக்குப் போய் இறால் நிறுக்கும் தட்டுத் தராசிலேயே காலை வைத்தேன். இத்தனை வருஷம் மற்றவன் சரக்கை நிறுத்த தராசு. பையன்கள், "அண்ணே, கிலோ என்ன விலை?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் காலுக்கு அளவு தெரிந்துவிட்டது.

பிசியோவுக்கு வாரம் மூன்று தரம் பஸ் ஏறிப் போக முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் பிசியோ உண்டா என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பயிற்சியெல்லாம் பெரிய வித்தை இல்லை. துண்டைத் தரையில் விரித்துக் கால்விரலால் சுருட்டி இழுப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, ரப்பர் பட்டையை மாட்டி இழுப்பது, கடைசியில் இரண்டு காலாலும் குதி தூக்குவது. ஒரு நாளைக்கு ஐம்பது தரம் செய்துவிட்டு நாலு நாள் விடுவதைவிட, தினமும் பத்து பத்தாக மூன்று வேளை செய்வது மேல்.

எண்ணெய் போட்டு நீவிவிடுகிறேன் என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். ஆறிய தழும்பை டாக்டர் சொன்னபின் நாமே விரலால் மெதுவாகத் தேய்க்கலாம். எலும்பை யாரும் நீவக்கூடாது.

மணல், செருப்பு, கடல்

பத்துப் பன்னிரண்டு வாரத்தில் பூட்ஸிலிருந்து ஷூவுக்கு மாறலாம் என்பார்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். விரலால் கவ்வி நடக்க வைக்கும், பின்னால் பிடிப்பு இல்லை. குதியைப் பிடிக்கும் வார் உள்ளதாக, உள்ளே வளைவுத் தாங்கியோடு வாங்குங்கள். சாயங்காலம் பார்த்து வாங்குங்கள், காலையில் சரியாக இருக்கும் ஷூ அந்த நேரத்தில் நுழையாது. சுகர் உள்ளவர்களுக்கு எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு. அவர்கள் தினமும் ராத்திரி ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வலி தெரியாத காலில் முள்ளும் கிளிஞ்சலும் குத்தியது தெரியாது. ஒரு பாதம் மட்டும் வலியே இல்லாமல் சிவந்து, சூடாக, வீங்கி இருந்தால் அன்றே காட்டுங்கள்.

கடல் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று நம் ஊரில் சொல்லாத ஆள் இல்லை. தோல் முழுக்க மூடும் முன்பு கடலில் கால் வைக்காதீர்கள். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கும். சுகரோ ஈரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அது திறந்த புண் வழியே புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

நடையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வீட்டுத் தரை, அப்புறம் தார் ரோடு, அப்புறம் அலை ஒதுங்கிய கெட்டி ஈர மணல், கடைசியில்தான் பொடிமணல். பொடிமணலில் ஒவ்வொரு எட்டிலும் குதி வேறு வேறு பக்கம் சாயும், புதிதாக வைத்த நார் அதைத் தாங்க மாதங்கள் ஆகும். நான் ஐந்தாம் மாதம் தராசடிக்குப் போனேன், முதலில் அரை நாள், ஒரு ஸ்டூலோடு. இப்போது பதினோராம் மாதம். சாயங்காலம் ஆனால் கணுக்கால் இன்னும் கொஞ்சம் வீங்குகிறது, ஒரு வருஷம் வரை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஈர மணலில் தடம் பார்த்தேன். இடது பாதத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது.

சாமான்களைப் புதிதாக வாங்கும் முன் தெருவில் விசாரியுங்கள். ஊன்றுகோல், கமோடு நாற்காலி எல்லாம் யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். என் கமோடு நாற்காலி பாசி எடுக்கிற அக்கா வீட்டுக்குப் போய், அங்கிருந்து தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. ஊன்றுகோல் இரவல் வாங்கினால் ரப்பர் குமிழை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளுங்கள்.